மேனியில் மணம் எவ்வளவு நேரம் நிற்கும்?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற அறிவியல் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

அழைப்பிதழில் இந்தத் தலைப்பைக் கண்டு சிலர் புன்னகைத்திருப்பீர்கள். வட்டி, வரதட்சணை, கல்வி என்று எத்தனையோ பொருள்கள் இருக்க, அத்தரைப் பற்றி ஓர் உரையா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால், அத்தரும் சென்ட்டும் விற்றுப் பிழைக்கும் என்னிடம், கடைக்கு வருகின்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்கும் முதற்கேள்வி இதுதான்: "பாய், இது எத்தனை மணி நேரம் நிற்கும்?" விலையைக் கூட அதன் பிறகே கேட்கின்றனர். அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை கூறுகின்ற வியாபாரி, ஒன்று அறியாதவர். அல்லது அறிந்தே ஏமாற்றுகின்றவர். ஏன் அவ்வாறு கூறுகின்றேன் என்பதனை விளக்குவதே என் பணி.

நறுமணம் நம் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எத்துணை விருப்பமானது என்பதையும், அன்பளிப்பாகத் தரப்பட்ட நறுமணத்தை அவர்கள் மறுத்ததில்லை என்பதையும், ஜும்ஆ நாளில் குளித்து மணம் பூசி வருவது சிறப்பிக்கப்பட்டுள்ளது என்பதையும் ஆலிம் பெருமக்கள் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கின்றோம். நான் கூற விரும்புவது வேறொன்று. மணம் எவ்வளவு நேரம் நிற்கும் என்னும் வினா நம்முடைய மார்க்க நூல்களுக்கும் புதிதன்று. இஹ்ராம் கட்டிய பின் மணம் பூசலாகாது, சரி. முன்பே பூசிய மணம் இஹ்ராமுக்குப் பின்னும் எஞ்சி நின்றால்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், இஹ்ராம் நிலையிலிருந்த பெருமானாரின் தலை வகிட்டில் முன்பு பூசிய நறுமணத்தின் மினுமினுப்பைக் கண்டதாக அறிவித்துள்ளார்கள். இதனைக் கொண்டு ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபினர் உடலில் முன்னரே பூசியதை அனுமதிக்க, இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மணம் எஞ்சும்படி பூசுவதை விரும்பவில்லை. நிற்கும் மணம், நில்லாத மணம் என்ற பாகுபாடு அன்றே கவனிக்கப்பட்டிருக்கின்றது என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன். சட்ட விளக்கத்திற்கு ஆலிம்களை அணுகுங்கள். அவ்வாறே, ஆல்கஹால் கலந்த சென்ட்டைப் பூசலாமா என்பதும் அவர்களிடம் கேட்க வேண்டியது. அது 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் பொருள். தோலில் தெளித்தால் ஓரிரு நிமிடங்களில் பறந்துவிடும். நிற்பதும் நில்லாததும் அதன் பின் எஞ்சுகின்ற எண்ணெயைப் பொறுத்ததே.

இனி, விஷயத்திற்கு வருவோம்.

மணம் என்பது தோலில் உட்கார்ந்திருக்கும் பொருளன்று. தோலை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் பொருள். மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் ஏறி மூக்கை அடைந்தால்தான் அதற்கு மணம் என்று பெயர். கற்பூரக் கட்டியைத் திறந்து வைத்தால் நாளடைவில் அது கரைந்து காணாமற் போவதைப் பார்த்திருப்பீர்கள். மணப்பதும் குறைவதும் அங்கே ஒரே செயல். ஆகவே, "நன்றாகவும் மணக்க வேண்டும், வெகுநேரமும் நிற்க வேண்டும்" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, ஒரே பணத்தைத் தாராளமாகச் செலவழிக்கவும் வேண்டும், அது தீராமலும் இருக்க வேண்டும் என்று கேட்பவரைப் போலாகின்றார். மூச்சை நிறைக்கும்படி வீசுவது விரைவில் தீரும். நெடுநேரம் நிற்பது அடக்கமாகவே மணக்கும்.

ஒரு புட்டியில் ஒரு மணம் மட்டும் இருப்பதில்லை. பல பத்துப் பொருள்கள் கலந்திருக்கும். அவற்றை மூன்று அணிகளாகப் பிரிப்பது இத்தொழிலின் வழக்கம். எலுமிச்சை, நாரத்தை, லாவெண்டர் போன்றவை முதல் அணி. இவை பூசியவுடன் முகத்தில் அடிக்கும். கால் மணி, அரை மணிக்குள் மங்கிவிடும். ரோஜா, மல்லிகை, ஏலம், கிராம்பு ஆகியவை நடு அணி. சில மணி நேரம் இருக்கும். சந்தனம், வெட்டிவேர், பச்சௌலி, அகில் எனப்படும் ஊது, சாம்பிராணி, கஸ்தூரி வகையறாக்கள் கடைசி அணி. தோலில் பல மணி நேரமும், துணியில் நாட்கணக்கிலும் நிற்பவை இவையே.

காரணம் எளிது. எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீனின் மூலக்கூற்று எடை 136. கொதிநிலை 176 பாகை. சந்தன எண்ணெயின் சாரமான சாண்டலாலின் எடை 220. கொதிநிலை ஏறத்தாழ 300 பாகை. இலேசானது முதலில் பறக்கின்றது, கனமானது தங்குகின்றது. ஆயினும் எடை மட்டுமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். லாவெண்டரிலுள்ள லினலூலின் எடை 154. வனிலாவின் சாரமான வனிலினின் எடை 152. ஏறக்குறைய ஒன்றே. எனினும் லினலூல் 198 பாகையில் கொதிக்க, வனிலினோ 285 பாகைக்குப் பிறகே கொதிக்கின்றது. அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதே காரணம். எடை மிக அதிகமானாலும் பயனில்லை. ஏறக்குறைய 300ஐத் தாண்டினால் பெரும்பாலானவை மூக்கு வரை வந்து சேர்வதே இல்லை. நின்றும் மணக்க வேண்டுமானால் அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேதான் ஒரு பொருள் இருந்தாக வேண்டும்.

ஆண்களுக்கான சென்ட் விரைவில் போய்விடுகின்றது என்ற முறையீடு பெண்களுக்கானதை விட அதிகமாக வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. மேலை நாட்டில் ஆண்களின் மணம் சவரத்தோடும் குளியலோடும் பிறந்தது. 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி ஃபரினா என்னும் இத்தாலியர் தயாரித்த நாரத்தை வகை மணநீரே "கொலோன்" என்ற பெயருக்கு மூலம். அது முழுக்க முழுக்க முதல் அணிச் சரக்கு. நெப்போலியன் மாதந்தோறும் புட்டி புட்டியாக அதனைச் செலவழித்தார் என்பதில் வியப்பில்லை. நில்லாததை மீண்டும் மீண்டும்தானே ஊற்ற வேண்டும்! 1938இல் ஆண்களுக்கென வந்த ஓல்ட் ஸ்பைஸ், 1966இல் வந்த ஓ ஸவாஜ், 1988இல் வந்த கூல் வாட்டர் ஆகிய அனைத்தும், சவரம் செய்த முகத்தின் புத்துணர்ச்சி என்னும் அதே எண்ணத்தைச் சுற்றியே எழுந்தவை. புத்துணர்ச்சி தருவன எல்லாம் பறப்பனவே. நம்மவர்களோ, அத்தரின் நிலைப்பைக் கண்டு பழகிய மூக்கோடு அவற்றை வாங்கி, "போலிச் சரக்கு" என்று கோபிக்கின்றனர். போலிகள் சந்தையில் ஏராளம் உண்டு என்பதும் மெய். எனினும் எலுமிச்சை மணம் ஒரு மணி நேரத்தில் மறைந்தது என்பதனால் மட்டும் ஒரு புட்டி போலியாகிவிடாது.

புட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர்களைப் பற்றியும் கேட்கின்றனர். கொலோன் என்றால் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு மண எண்ணெய். ஓ டி டாய்லெட் என்றால் 5 முதல் 15. ஓ டி பர்ஃப்யூம் என்றால் 15 முதல் 20. எக்ஸ்ட்ரே என்றால் 20க்கு மேல். இவை வழக்கமே தவிரக் கட்டாய அளவுகள் அல்ல. பங்கு கூடினால் மணம் கூடும். ஆனால் பறக்கும் பொருளைப் பத்துப் பங்கு கூடுதலாகச் சேர்த்தாலும் அது பறக்கத்தான் செய்யும். சந்தனமும் அம்பரும் மிகுந்த ஓ டி டாய்லெட், எலுமிச்சை மிகுந்த ஓ டி பர்ஃப்யூமை விட நெடுநேரம் நிற்பதைக் கடையில் நாள்தோறும் காண்கின்றேன். பாடி ஸ்பிரே என்று விற்கப்படுவனவற்றில் மண எண்ணெய் மிகச் சொற்பம். அவற்றிடம் நாள் முழுவதும் மணக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று; "24 மணி நேரம்" என்று அட்டையில் அச்சிடுவதும் நியாயமன்று.

அத்தரின் கதைக்கு வருகின்றேன். இங்கே சற்று நின்று பேச அனுமதி தாருங்கள்.

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையோரமாக அமைந்த கன்னோஜ் நகரம் அத்தருக்குப் பெயர்பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அங்கே "தேக்" என்னும் பெரிய செப்பு அண்டாவில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண் கொண்டு அடைத்து, கீழே விறகோ வரட்டியோ இட்டு எரிப்பர். ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்திருக்கும் "பப்கா" என்னும் செப்புக் குடத்தில் குளிர்ந்து இறங்கும். சூடு கூடினால் பூ கருகும். குறைந்தால் ஆவி வராது. வெப்பமானி எதுவுமின்றிக் கையால் தொட்டும் ஓசை கேட்டுமே நெருப்பை ஏற்றி இறக்குவர் அந்தத் தொழிலாளர்.

நுட்பம் அந்தப் பப்காவுக்குள் இருக்கின்றது. அது வெறுங்குடம் அன்று. அதனுள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். ரோஜாவின் ஆவி அந்தச் சந்தனத்தில் போய்த் தங்குகின்றது. மறுநாள் நீரைப் பிரித்துவிட்டு, புதுப் பூவை இட்டு, அதே எண்ணெயில் மீண்டும் இறக்குவர். இப்படிப் பல நாட்கள் தொடரும். ரோஜாவின் சாரம் தனியே நின்றால் விரைவில் கலைந்துவிடும் தன்மையது. சந்தனத்தின் மடியில் இருப்பதால் மெல்ல மெல்லவே விடுபடுகின்றது. நடு அணிப் பொருளைக் கடைசி அணிப் பொருளோடு கட்டிப்போடுகின்ற இந்த உபாயத்தை, மூலக்கூறு என்னும் சொல்லையே அறியாத கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகக் கையாண்டு வந்தனர். மழை முதலில் விழும்போது எழும் மண்வாசனையைக் கூட, சுட்ட களிமண்ணை அண்டாவிலிட்டு இதே சந்தனத்தில் பிடித்து "மிட்டி அத்தர்" என்று விற்கின்றனர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துத் தாழம்பூவும் இவ்வாறே அத்தராகின்றது.

ஆனால், சந்தனத்திற்கு என்ன நேர்ந்தது என்பதனை நாம் அறிவோம். கண்மூடித்தனமாக வெட்டப்பட்ட சந்தன மரம் 1998 முதல் அழியும் ஆபத்துக்குள்ளான இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அதன் எண்ணெய் எளியவர் எட்ட முடியாத விலைக்குப் போய்விட்டது. எனவே, பப்காவில் இன்று பெரும்பாலும் இருப்பது திரவப் பாரஃபின் அல்லது அது போன்ற மணமற்ற மலிவு எண்ணெய். தவறென்று நான் கூறவில்லை. மலிவு விலையில் மணம் தருவதும் வியாபாரமே. ஆனால் பாரஃபின் அடித்தளத்தில் இறக்கிய ரோஜாவை "சந்தன அத்தர்" என்று கூறி விற்பது அளவை நிறுவையில் மோசடி செய்வதற்குச் சமம். வாங்குபவர் ஒன்று செய்யலாம். மணிக்கட்டில் ஒரு பொட்டு இட்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து முகருங்கள். சந்தனம் உண்மையில் இருந்தால் பூ மணம் போன பிறகும் பால் போன்றதொரு மென்மையான மர மணம் மிஞ்சி நிற்கும். பாரஃபின் என்றால் ஒன்றும் மிஞ்சாது. பிசுபிசுப்பு மட்டுமே இருக்கும். செயற்கைச் சந்தனமும் வந்துவிட்டபடியால் இதுவும் முழுமையான சோதனை அன்று; என்றாலும், கடைக்காரரின் சத்தியத்தை விட இது மேல்.

அடுத்தது கஸ்தூரி, அம்பர், புனுகு. மணத்தைத் தங்கவைக்கும் தன்மைக்காகவே பண்டைய அரபு நாட்டவரும் தமிழரும் இவற்றைப் பொன்னாகப் போற்றினர். கஸ்தூரி மானும், அம்பரைத் தருகின்ற திமிங்கலமும் நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றின் பொருள்களை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நம் கடற்கரை ஊர்களில் அம்பருடன் பிடிபட்டுச் சிறை சென்றவர்களின் செய்தியை நாளேடுகளில் அடிக்கடி படிக்கின்றோம். ஆகவே, "அசல் கஸ்தூரி" என்று ஒருவர் ரகசியமாக நீட்டினால், அது ஒன்று பொய்யாக இருக்கும், அல்லது குற்றமாக இருக்கும். மூன்றாவது வாய்ப்பு இல்லை.

இன்று கடைகளில் வெள்ளைக் கஸ்தூரி என்று விற்கப்படுவது முழுவதும் ஆய்வுக்கூடத்துப் பொருள். 1888இல் ஆல்பர்ட் பாவர் என்னும் விஞ்ஞானி வெடிமருந்து ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது எதிர்பாராது கிடைத்ததே முதல் செயற்கைக் கஸ்தூரி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில பொருள்கள், பூசிய தோல் வெயில் பட்டால் புண்ணாவதற்கும் வேறு தீங்குகளுக்கும் காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டு விலக்கப்பட்டன. இப்போது பெருவழக்கிலிருக்கும் காலக்ஸோலைட் வேறு வகை, எடை 258. அம்பருக்கு மாற்றாக, கிளாரி ஸேஜ் என்னும் செடியிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு அம்பிராக்ஸைத் தயாரிக்கின்றனர். "நாள் முழுவதும் நிற்கும்" என்று இன்றைய ஆண்களுக்கான சென்ட்டுகள் பெருமை பேசுவது பெரிதும் இவற்றின் தயவால்தான். நகல் செய்வது இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி அவர்கள் நறுமணங்களைப் பற்றி எழுதிய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. விலையுயர்ந்த சரக்குகளுக்கு மாற்றுத் தயாரிக்கும் முறைகளும் அவற்றுள் அடக்கம்!

"முன்பெல்லாம் இதே சென்ட் இரண்டு நாள் நின்றதே" என்று பெரியவர்கள் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஓக் மரப் பாசி போன்ற சில தங்கும் பொருள்கள் ஒவ்வாமை காரணமாகக் குறைக்கப்பட்டன. லிலியால் என்னும் பொருளை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. பெயரும் புட்டியும் மாறாமல், உள்ளே இருக்கும் சரக்கு மாறியிருக்கலாம்.

தோலைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். வறண்ட தோலில் மணம் விரைவில் போகும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் தங்கும். ஏனெனில் மணப் பொருள்கள் எண்ணெயில் கரைபவை. தோல் அவற்றைச் சிறிது உள்ளே உறிஞ்சவும் செய்கின்றது. மேலே காற்று, கீழே தோல் என்று இரு வாயில்களிலும் மணம் இழக்கப்படுகின்றது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அவ்விழப்பு இன்னும் விரைவு. வியர்வை வேறு அடித்துச் செல்லும். குளிர்நாட்டில் தயாரித்து அங்கே சோதித்த நேரக் கணக்கு இங்கே பொருந்தாது. குளித்துத் துவட்டிய உடம்பில் மணமற்ற வாசலின் சிறிதளவு தடவி, அதன் மேல் பூசினால் நிலைப்பு கூடும். இரு மணிக்கட்டுகளையும் தேய்த்தால் மூலக்கூறுகள் நசுங்கிப் போகும் என்று கூறுவது வெறும் பேச்சு. சூடு சற்றே ஏறி முதல் அணி சிறிது முன்னதாகக் கலையும், அவ்வளவே.

நம் முன்னோர் அத்தரில் நனைத்த பஞ்சைக் காது மடலில் செருகிக்கொள்வதைக் கண்டு இன்றைய பிள்ளைகள் சிரிக்கின்றனர். எனக்குத் தெரிந்து அதனினும் சிறந்த ஏற்பாடு இல்லை. பஞ்சு உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. தோல் அதனைக் குடிப்பதில்லை. காதின் இளஞ்சூடு மெல்ல மெல்ல ஆவியாக்குகின்றது. காது மடலின் குழிவு காற்றுப் படாமல் காக்கின்றது. ஒரு துளிக்கு ஒரு நாள்! சட்டையில் கறையும் இல்லை.

இனி, இவ்வுரையில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி. அது மூக்கைப் பற்றியது.

மணம் போய்விட்டது என்று நாம் கூறும்போது, பல வேளைகளில் போயிருப்பது மணமன்று. அதனை உணரும் நம் திறன். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண உணர்விகள் உள்ளன. இவற்றின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்து வெளியிட்ட ரிச்சர்டு ஆக்ஸல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் இவ்வுணர்விகள் சில நிமிடங்களிலேயே தளர்ந்துவிடுகின்றன. மூளையும் அதனைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகின்றது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் பதனிடும் தொழிற்கூடத்திற்குள் நுழையும் புதியவர் மூக்கைப் பொத்திக்கொள்கின்றார்; அரை மணி கழித்து அங்கேயே அமர்ந்து தேநீர் அருந்துகின்றார். வாடை எங்கும் போகவில்லை. சென்ட்டுக்கும் அதே விதிதான். பூசியவர் தம் மணத்தின் நடுவிலேயே நாள் முழுவதும் இருப்பதால் அவர் மூக்கே முதலில் ஓய்ந்துபோகின்றது. போதாக்குறைக்கு, சில செயற்கைக் கஸ்தூரிகளைச் சிலரால் பிறவியிலேயே முகர இயலாது. அவருக்கு "நிற்கவே இல்லை" என்று தோன்றும் சரக்கு, பக்கத்திலிருப்பவருக்குத் தலைவலியைத் தந்துகொண்டிருக்கும்.

இதன் விளைவை நான் நம் பள்ளியிலேயே கண்டேன். சென்ற ரமளானில் தராவீஹ் தொழுகையின்போது, மூச்சிரைப்பு நோயுள்ள பெரியவர் ஒருவர் இரண்டாவது ஸஃப்பில் நின்றிருந்தார். அவருக்கு இருபுறமும் நம் இளைஞர்கள். நான்கு ரக்அத் முடிந்ததும் அவர் எழுந்து வெளி வராந்தாவுக்குச் சென்று, தூணில் சாய்ந்து இன்ஹேலரை எடுத்தார். என்னவென்று கேட்டபோது, "பிள்ளைகள் ஆசையாய்ப் பூசி வந்திருக்கின்றனர், எப்படிச் சொல்வது?" என்றார். அந்த இளைஞர்களை நான் அறிவேன், நல்ல பிள்ளைகள். அஸருக்குப் பூசியது மஃரிபில் தெரியவில்லை என்று மீண்டும் பூசி, இஷாவுக்கு முன் மூன்றாம் முறையும் அடித்திருக்கின்றனர். முதல் முறை பூசியதே அவர்கள் மேல் அப்படியேதான் இருந்தது. அவர்களுக்குத்தான் அது தெரியவில்லை. கடுமையான மணங்கள் ஆஸ்துமா உள்ளவர்களில் பலருக்கு மூச்சு முட்டலைத் தூண்டக்கூடும். குளிர்சாதனத்திற்காகக் கதவடைத்த பள்ளிக்குள் அவர் எங்கே போவார்? வெங்காயம், பூண்டு உண்டுவிட்டுப் பள்ளிக்கு வருவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததன் காரணத்தை ஆலிம்கள் விளக்கக் கேட்டிருக்கின்றோம்: பிறருக்கு அதனால் இடர். நறுமணம் சுன்னத்து, அதனை நான் மறுக்கவில்லை. அளவு மீறிய நறுமணம் பக்கத்திலிருப்பவரின் மூச்சைத் தடுத்தால், அது எதில் சேரும் என்பதை மேடையிலுள்ள ஆலிம்களே கூறட்டும்.

ஆகவே, "எத்தனை மணி நேரம்" என்பதை நம் மூக்கைக் கொண்டு அளக்கலாகாது. அளக்கும் முறையைக் கூறுகின்றேன். ஃபஜ்ருக்குப் பின் குளித்து, ஒரு கையில் மட்டும் ஒரு பொட்டு அத்தரோ, ஒரே ஒரு தெளிப்பு சென்ட்டோ இடுங்கள். பிறகு அதனை முகர்ந்து பார்த்துக்கொண்டே இராதீர்கள். லுஹர் வேளையில், காலையில் உங்களுடன் இல்லாத ஒருவரிடம் கையை நீட்டிக் கேளுங்கள். வீட்டுக்குள் இருப்பவருக்கும் பழகிப்போயிருக்கும், அவர் சாட்சி செல்லாது. அஸரிலும் மஃரிபிலும் வேறு வேறு ஆட்களிடம் கேளுங்கள். அவர் முழங்கையளவு தூரத்தில் நின்று மணக்கின்றது என்றால் மீண்டும் பூச வேண்டியதில்லை. தோலின் மிக அருகில் மூக்கை வைத்தால் மட்டுமே தெரிகின்றது என்றால், விரும்பினால் ஒரு பொட்டு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வெவ்வேறு நாட்களில், ஒன்று வெயிலில் அலைந்த நாளாகவும் மற்றது நிழலில் இருந்த நாளாகவும் செய்து பார்த்தால், அந்தப் புட்டி உங்கள் மேனியில் நிற்கும் நேரம் உங்களுக்குத் தெரிந்துவிடும். அது உங்கள் தம்பியின் மேனிக்குப் பொருந்தாது.

கடையில் வாங்கும்போதும் அவ்வாறே. அட்டைத் துண்டில் தெளித்து நீட்டுவது முதல் அணியைக் காட்டி விற்கும் உத்தி. கையில் பூசிக்கொண்டு வெளியே போய், வேறு வேலைகளை முடித்து, இரண்டு மணி நேரம் கழித்து வந்து வாங்குங்கள். "இப்போதே வாங்கினால்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள். என் கடையாக இருந்தாலும் சரி. முழுத் தோலா வாங்கும் முன் மூன்று மில்லிப் புட்டியை வாங்கிப் பாருங்கள்.

தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு இட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். தூய பூ எண்ணெய் என்பதனால் தீங்கிராது என்று எண்ண வேண்டாம். ஐரோப்பியச் சட்டம் 2003இல் உறையில் பெயர் குறிக்கப் பணித்த 26 ஒவ்வாமைப் பொருள்களில் பல, மலரிலும் தோலிலும் இயற்கையாகவே உள்ளவை. 2023இல் அப்பட்டியல் எண்பதையும் தாண்டிவிட்டது. பெர்கமாட் என்னும் நாரத்தை வகை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் கழுத்தில் கருந்திட்டுகள் விழும். எனவே, பகலில் வெளியே செல்பவர்கள் எலுமிச்சை, நாரத்தை வகை மணங்களைத் தோலில் இடாமல் சட்டையில் தெளித்துக்கொள்வது நலம். அத்தரை மட்டும் வெள்ளைச் சட்டையில் வைக்காதீர்கள். எண்ணெய்க் கறை போகாது.

புட்டியைச் சன்னலோரத்திலும் வாகனத்திலும் வைக்க வேண்டாம். வெயிலும் சூடும் முதல் அணியைத்தான் முதலில் கெடுக்கும். திறந்தவுடன் புளித்த வாடை வருவது அதனால்தான். அலமாரியின் இருட்டில் துணிகளுக்கிடையே வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஷமாமா போன்ற மூலிகை அத்தர்கள் பழகப் பழக நன்றாகும். வீட்டில் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன பழைய புட்டி இருந்தால், கொட்டிவிடாமல் கொண்டு வந்து காட்டுங்கள். முகர்ந்து பார்த்துச் சொல்கின்றேன், கட்டணம் இல்லை.

கேள்விகள் இருப்பின் இஷாத் தொழுகைக்குப் பின் பேசலாம். வஸ்ஸலாம்.